பிளஸ் 1-ல் எந்த குரூப்? டாக்டர் ஆசையோடு இருக்கும் கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு பள்ளிக்கூட வராண்டாவில் அட்மிஷன் மேஜை போட்டுவிடுவோம். முதல் நாளே கூட்டம் வந்துவிடும். "சார், பொண்ணு டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்லுது. எந்த குரூப்னு எழுதட்டும்?" என்று கேட்டுவிட்டு, பேனாவை ஃபாரத்தின் மேலேயே பிடித்தபடி அப்பா நிற்பார். கடலூர் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் விலங்கியல் ஆசிரியராக வேலை பார்த்து, அந்த மேஜையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான்.

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இருக்கிற குரூப்பை எழுதுங்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரியைக் கேட்டுக்கொண்டு போனவர்களில் சிலர், இரண்டு வருடம் கழித்து கண் கலங்கித் திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன். குரூப் சரியாகத்தான் எடுத்திருப்பார்கள். ஒருவருக்கு இயற்பியலில் கணக்கு வராமல் போயிருக்கும். இன்னொருவருக்குப் படித்த பள்ளி எந்த வகைப் பள்ளி, எல்லைக்கு எந்தப் பக்கம் என்பதில் சீட் நழுவியிருக்கும். அதனால் ஃபாரத்தில் கை வைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: விதி என்ன கேட்கிறது?

எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்., சித்தா, ஆயுர்வேதா, ஓமியோபதி எல்லாவற்றுக்கும் நீட் தேர்வு வேண்டும். நீட் எழுத, பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், இவற்றோடு ஆங்கிலமும் படித்துத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு பாடமாகப் படித்தால், இரண்டும் சேர்ந்து உயிரியல். இந்த மூன்று பாடங்களையும் சேர்த்துப் பொதுப்பிரிவினர் 50 சதவீதமும், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதி, பழங்குடிப் பிரிவினர் 40 சதவீதமும் எடுத்திருக்க வேண்டும். 300-க்கு 150 அல்லது 120. இது பெரிய தடை இல்லை. ஆனால் நீட் பயிற்சி என்று பிளஸ் 2 பாடத்தை அடியோடு விட்டுவிட்ட பிள்ளைகளுக்கு இந்த 150-கூட பயமுறுத்தும்.

வயதையும் இப்போதே கணக்குப் போடுங்கள். கல்லூரியில் சேரும் வருடத்தின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்ப வேண்டும். சீக்கிரமே பள்ளியில் போட்ட பிள்ளைகள் சில மாத வித்தியாசத்தில் ஒரு வருடம் காத்திருக்க நேரும். மேல்வயது வரம்பு கிடையாது, இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கணக்கும் கிடையாது.

இங்கே அடிக்கடி நடக்கிற தவறு ஒன்று உண்டு. தொழிற்கல்விப் பிரிவில் இருக்கிற நர்சிங் குரூப்பை "மெடிக்கல் லைன்தானே" என்று எடுத்துவிடுகிறார்கள். அதில் உயிரியல் இருக்கும். ஆனால் இயற்பியலும் வேதியியலும் பாடங்களாக இருக்காது. அந்த குரூப் முடித்து நீட் எழுத முடியாது. செவிலியர் துறைக்கே போக விரும்பும் பிள்ளைக்கு அது நல்ல வழிதான். டாக்டர் ஆசை இருந்தால் அது வேண்டாம்.

உயிரியல் இல்லாத கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்துவிட்டுப் பிறகு மனம் மாறினால்? முன்பு கதவு மூடியது மூடியதுதான். 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் விதியைத் தளர்த்தியது. பிளஸ் 2 முடித்த பிறகு, அங்கீகாரம் பெற்ற வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றாலும் நீட் எழுதலாம். வழி இருக்கிறது என்பதற்காக அதை நம்பி இறங்காதீர்கள். நீட் வினாத்தாளில் பாதி உயிரியல். இரண்டு வருடத்தில் படிக்க வேண்டியதைத் தனியாக உட்கார்ந்து படிக்க, எப்படியும் ஒரு வருடம் போய்விடும்.

இரண்டாம் படி: பயோ-மேத்ஸா, பியூர் சயின்ஸா?

மேஜையில் அதிக நேரம் போவது இந்தக் கேள்வியில்தான். போகட்டும், அவசரமே வேண்டாம். பயோ-மேத்ஸ் என்றால் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். பியூர் சயின்ஸ் என்றால் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். சில பள்ளிகளில் கணிதத்துக்குப் பதிலாக கம்ப்யூட்டர் சயின்ஸோ நுண்ணுயிரியலோ சேர்ந்த உயிரியல் குரூப்பும் உண்டு. எல்லாமே நீட்டுக்குச் செல்லும்.

பயோ-மேத்ஸுக்கு நம் ஊரில் ஃபர்ஸ்ட் குரூப் என்று பெயர். "ஃபர்ஸ்ட் குரூப் கிடைச்சுதா?" என்று கேட்பதில் ஒரு கௌரவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்தாவதில் 450-க்கு மேல் எடுத்த பிள்ளை பியூர் சயின்ஸ் கேட்டால், மாமாவும் சித்தப்பாவும் சேர்ந்து மாற்றிவிடுகிறார்கள். "என்ஜினியரிங் கதவும் திறந்து இருக்கட்டுமே" என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவுக்கு வாடகை உண்டு. பிளஸ் 2 கணிதம் தினம் ஒன்றரை மணி நேரம் கேட்கிற பாடம். கணக்கு இயல்பாக வரும் பிள்ளைக்கு அது பாரமாகத் தெரியாது. உடம்போடு ஒட்டின பையைப் போல் தூக்கிக்கொண்டு போய்விடும். கணக்கைக் கண்டு மிரளும் பிள்ளைக்கு, உயிரியலுக்குப் போக வேண்டிய நேரத்தையெல்லாம் அது விழுங்கிவிடும்.

அப்படியென்றால் பியூர் சயின்ஸ் எடுத்தால் கணக்கிலிருந்து தப்பித்துவிடலாமா? இல்லை. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. வகுப்பில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பியூர் சயின்ஸ் படித்த ஒரு மாணவி, உயிரியலில் கேட்ட எதற்கும் அவளிடம் பதில் இருக்கும். ஒரு நாள் மதிய இடைவேளையில் இயற்பியல் கணக்கு ஒன்றை என்னிடம் கொண்டுவந்தாள். ஒரு பொருள் கடக்கும் தூரம், நேரத்தின் வர்க்கத்தைப் போல் மூன்று மடங்கு. இரண்டு நொடி முடியும் கணத்தில் அதன் வேகம் என்ன? அவள் போட்ட கணக்கு: இரண்டு நொடியில் தூரம் 12 மீட்டர், இரண்டால் வகுத்தால் 6. அது சராசரி வேகம். அந்தக் கணத்தின் வேகம் வேண்டுமென்றால் வகையீடு செய்ய வேண்டும். மூன்று மடங்கு வர்க்கம் ஆறு மடங்கு நேரமாக மாறி, விடை 12. விடைப் பட்டியலில் 6-ம் இருந்தது, 12-ம் இருந்தது. நீட்டில் சரியான விடைக்கு 4 மார்க், தவறுக்கு ஒரு மார்க் கழியும். தெரியாத ஒரே ஒரு கணக்கு வித்தையால் 5 மார்க் வித்தியாசம்.

அவளுக்குக் கணிதப் பாடம் முழுதும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது கொஞ்சம்தான்: முக்கோணவியல் மதிப்புகள், மடக்கை, வெக்டர், எளிய வகையீடு, எளிய தொகையீடு, வரைபடம் பார்த்துப் புரிந்துகொள்வது, பத்தின் அடுக்குகளைப் பெருக்கி வகுப்பது. பிளஸ் 1 இயற்பியல் புத்தகத்தில் இயக்கவியல் பாடத்திலேயே வெக்டரும் வகையீடும் தொகையீடும் சுருக்கமாகக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளி திறப்பதற்கு முன்னால் ஒரு மாதம், தினம் ஒரு மணி நேரம், பக்கத்துத் தெருவில் இருக்கிற கணித ஆசிரியரிடமோ பயோ-மேத்ஸ் படிக்கும் அக்காவிடமோ இதை மட்டும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். நீட்டில் கால்குலேட்டர் கிடையாது, லாக் புத்தகமும் கிடையாது. எல்லாம் கையால் போட வேண்டும்.

என் முடிவு இதுதான். பத்தாவது கணக்கில் பிள்ளை எடுத்த மார்க்கைப் பார்க்காதீர்கள்; கணக்கு நோட்டை எடுத்துப் பாருங்கள். அடித்துத் திருத்தி, தானே வேறு வழியில் போட்டுப் பார்த்த தடயம் இருந்தால் பயோ-மேத்ஸ். வரி மாறாமல் மனப்பாடம் செய்த கணக்குகளாகவே இருந்து, டாக்டர் ஆசையும் உறுதியாக இருந்தால் பியூர் சயின்ஸ், கூடவே அந்த ஒரு மாதக் கணக்குப் பயிற்சி. டாக்டரா என்ஜினியரா என்று பிள்ளைக்கே இன்னும் தெரியாவிட்டால் பயோ-மேத்ஸ் எடுக்கட்டும். பிளஸ் 1 அரையாண்டு வரை பார்த்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: எந்தப் பள்ளி, எந்தப் பக்கம்?

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் இருக்கிற சிக்கல் இது. ரெட்டிச்சாவடியில் பஸ் ஏறினால் முள்ளோடை தாண்டியதும் புதுச்சேரி. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் பள்ளிகள் நடை தூரம்போலத்தான். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் வருகிறார்கள். அன்றாட வாழ்க்கையில் எல்லை என்று ஒன்று இல்லை. கவுன்சிலிங்கில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. இதில் சேர்பவர்களின் கட்டணத்தை, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும், அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளி என்றால் மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. கடலூரில் பழைய, நல்ல பெயர் எடுத்த பள்ளிகளில் பல, உதவி பெறும் பள்ளிகள்தான். "கவர்ன்மென்ட் சம்பளம்தானே சார் கொடுக்குது" என்று பெற்றோர் கேட்பார்கள். சம்பளம் கொடுப்பது வேறு, அரசே நடத்துவது வேறு. 6, 7, 8 வகுப்புகளை உதவி பெறும் பள்ளியில் படித்துவிட்டு 9-ல் எங்களிடம் சேர்ந்த பிள்ளைகள், கடைசியில் இந்த ஒதுக்கீட்டில் வர முடியாமல் நின்றிருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் இலவசமாகத் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே தம்பியோ தங்கையோ ஐந்தாம் வகுப்பில் இருந்தால், இந்தப் பத்தியை அவர்களுக்காகப் படியுங்கள். உண்மையில் இந்த முடிவு எடுக்கப்படுவது பிளஸ் 1-ல் இல்லை, ஆறாம் வகுப்பில்.

புதுச்சேரியில் அட்மிஷன், அந்த அரசின் மையச் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக நடக்கிறது. அங்கேயும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் புதுச்சேரி ஒதுக்கீட்டில் வர, அங்கே தொடர்ந்து 5 ஆண்டு வசித்ததற்கான இருப்பிடச் சான்று வேண்டும். கடலூரில் வீடு, கிருமாம்பாக்கத்தில் பள்ளி என்றால், பிள்ளை தமிழ்நாட்டின் 7.5-லும் இல்லை, புதுச்சேரியின் ஒதுக்கீட்டிலும் இல்லை. தமிழ்நாட்டுப் பொது ஒதுக்கீட்டில் போட்டியிடலாம். அதற்கும் 6 முதல் 12 வரை ஏதாவது ஒரு வகுப்பை வெளியே படித்திருந்தால் பிறப்பிடச் சான்றிதழும் பெற்றோரின் ஆவணங்களும் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் உரிமை கோர முடியாது.

எந்தக் கல்லூரி யாருக்கு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிதம்பரத்தில் 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது இப்போது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. அதிலும் முண்டியம்பாக்கத்தில் இருக்கிற விழுப்புரம் அரசுக் கல்லூரியிலும் 85 சதவீத இடம் தமிழ்நாடு கவுன்சிலிங்கில், 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டில். கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியின் மாநில இடங்கள் சென்டாக்கில். புதுச்சேரி கோரிமேட்டில் மத்திய அரசு நடத்தும் ஜிப்மர் மட்டும் வேறு. 2019 வரை தனி நுழைவுத் தேர்வு வைத்தார்கள். 2020 முதல் நீட் மார்க்தான், இடங்கள் மத்தியக் கவுன்சிலிங்கில் நிரம்புகின்றன. புதுச்சேரி யூனியன் பிரதேசத்துப் பிள்ளைகளுக்கு அங்கே உள்ஒதுக்கீடு உண்டு. கடலூர்ப் பிள்ளைக்கு இல்லை. காய்ச்சல் வந்தாலே கோரிமேட்டுக்கு ஓடுகிற குடும்பமாக இருந்தாலும், ஜிப்மர் சீட்டுக்கு டில்லிப் பிள்ளையோடு ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

நான்காம் படி: பாடத்திட்டமும் பயிற்றுமொழியும்

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.-க்கு மாறிவிட்டன, 2025-ல்தான் அங்கே 10, 12 வகுப்புகள் முதன்முறையாக சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு எழுதின. அங்கே உயிரியல் ஒரே பாடம், தியரி 70, செய்முறை 30. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், ஆங்கிலம் என்று ஐந்து பாடங்கள் எடுத்தால் நம் பயோ-மேத்ஸ் போலத்தான். நீட் கேள்விகள் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகத்தை ஒட்டியே வருவதால், அதையே பள்ளிப் புத்தகமாக வைத்துப் படிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அதற்காக, பத்து வருடம் தமிழ்வழியில் மாநிலப் பாடத்திட்டம் படித்த பிள்ளையைப் பிளஸ் 1-ல் திடீரென்று மாற்றுவதை நான் ஒப்பமாட்டேன். புதுப் பள்ளி, புது மொழி, புதுப் பாடம் மூன்றும் ஒன்றாக வந்தால் முதல் ஆறு மாதம் திகைப்பிலேயே போய்விடும். மாநில வாரியத்துப் புத்தகங்கள் 2018-லும் 2019-லும் புதிதாக எழுதப்பட்டவை, தரமானவை. அவற்றை முழுதாகப் படித்து, பக்கத்தில் என்.சி.இ.ஆர்.டி. உயிரியலை வைத்துக்கொண்டால் போதும்.

நீட்டைத் தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பத்தில் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால், வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வாசகமே இறுதி. அதனால் தமிழ்வழிப் பிள்ளைகள் ஒரு நாற்பது பக்க நோட்டில் சொற்பட்டியல் போட வேண்டும்: உந்தம் என்றால் மொமென்டம், பசுங்கணிகம் என்றால் குளோரோபிளாஸ்ட், குன்றல் பகுப்பு என்றால் மியாசிஸ். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் எழுதிப் பழகட்டும். பாடம் நடத்தும் அன்றைக்கே எழுதினால் அந்த நோட்டு தானாக வளரும்.

ஐந்தாம் படி: பிளஸ் 1 என்னும் பாதித் தேர்வு

2016 வரை தமிழ்நாட்டில் பிளஸ் 2 மார்க்கை வைத்து மருத்துவ சீட் கொடுத்தார்கள். பல பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டு, ஜூலையிலேயே பிளஸ் 2 பாடத்துக்குப் போய்விடும். அந்தக் காலத்தில் படித்த அண்ணன்மார் இன்றைக்கும் "பிளஸ் 1 சும்மா ஓட்டிடலாம்டா" என்று யோசனை சொல்கிறார்கள். 2017 முதல் நீட். அதில் இரண்டு வருடப் பாடமும் வரும். இயக்கவியல், வெப்பவியல், கரிம வேதியியலின் அடிப்படை, மனித உடல் செயலியல், செல், தாவரச் செயலியல் எல்லாம் பிளஸ் 1 பாடம். 2025-26 முதல் மாநில வாரியத்தில் பிளஸ் 1 பொதுத்தேர்வும் இல்லை என்பதால் மெத்தனம் இன்னும் கூடும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே தலைமையாசிரியரிடம் கேளுங்கள்: "பிளஸ் 1 பாடம் முழுசா நடத்துவீங்களா? லேப் வாரத்துக்கு எத்தனை நாள்? இயற்பியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்காரா?"

தேர்வு 180 கேள்வி, 180 நிமிடம், 720 மார்க். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. மார்க் சமமாக வந்தால் முதலில் உயிரியல் மார்க்கைப் பார்த்துத்தான் ரேங்க் போடுவார்கள். உயிரியலை முப்பது வினாடிக்கு ஒன்று என்று முடிக்கத் தெரிந்தவர்களுக்கே இயற்பியலுக்கு நேரம் மிஞ்சும். தகுதி மார்க் எடுப்பது வேறு, சீட் கிடைக்கிற மார்க் எடுப்பது வேறு என்பதைப் பிள்ளையிடம் முதலிலேயே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: பக்கத்துக் கதவுகள்

உயிரியல் குரூப் எடுத்தவர்களுக்கு தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., கால்நடை மருத்துவம், வேளாண்மை எல்லாம் பிளஸ் 2 மார்க்கில் கிடைக்கின்றன. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே வேளாண்மை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பத் தேதி தனித்தனி. நீட் ரிசல்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் சிலது முடிந்துபோகும். எல்லாவற்றுக்கும் போட்டு வையுங்கள்.

ஏழாம் படி: ஒரு பிளாஸ்டிக் ஃபைல்

இதைப் பிளஸ் 1 சேர்ந்த வாரமே தொடங்குங்கள். இ-சேவை மையத்தில் வாங்க வேண்டியவை: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பிறப்பிடச் சான்றிதழ், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ். பி.சி., எம்.பி.சி. பிள்ளைகள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மாநிலச் சாதிச் சான்றிதழைக் காட்டினால் செல்லாது. மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது வருமானத்தைப் பொறுத்தது என்பதால் நீட் எழுதும் வருடத்தில் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். 7.5 சதவீதத்துக்கு 6 முதல் 12 வரை படித்த ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கு இப்போதே ஒரு நடை போய் வாருங்கள்.

பெயரைச் சரிபாருங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். ஆதாரைத் திருத்த வேண்டுமானால் பிளஸ் 1 கோடை விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். நீட் விண்ணப்பம் பிளஸ் 2 செய்முறைத் தேர்வு நெருங்கும் நேரத்தில் திறக்கும்; அந்த வாரத்தில் பிள்ளையை லேபிலிருந்து இழுத்துக்கொண்டு ஆதார் மையத்தில் வரிசையில் நிறுத்த வேண்டாம்.